பீரோவுக்கு அடியில் ஆறு வருடங்கள்

ரசமட்டம் என்பது கட்டட வேலைக்காரர்கள் பையில் கிடக்கும் ஒரு கருவி. சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுக்கோட்டில் நின்றால் தரை சரி, ஓரம் போனால் தரை கோணல். அந்தக் கருவியின் பெயரே ஒரு டைல்ஸ் மேஸ்திரிக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. யார்மேலும் பழி போட முடியாது, அவரே தேடிக்கொண்டது. டீக்கடைப் பெஞ்சில் உட்காருமுன் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் ஊசி போடப் போன இடத்தில் கட்டில் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். நர்ஸ் அதைக் காய்ச்சல் பார்க்கிற கருவி என்று நினைத்தாராம்.

கல்யாணப் பேச்சுக்குப் போன வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. பெரியவர்கள் நல்லது கெட்டது பேசிக்கொண்டிருக்க, இவர் குனிந்து தரையை விரல் முட்டியால் தட்டினார். “இங்க உள்ள கூடு இருக்குங்க. கலவை சரியா நிரம்பல” என்றார். அந்தத் தரையைப் போட்டவர் பெண்ணின் பெரியப்பா. எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சு அதோடு முறிந்திருக்க வேண்டும். பெண் சம்மதம் சொல்லிவிட்டாள். ஏன் என்று பிற்பாடு கேட்டபோது, “இவ்வளவு அசடான ஆளுக்குப் பொய் சொல்ல வராதுன்னு நினைச்சேன்” என்றாள். ரசமட்டம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

ரசமட்டம் படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த கட்டடத்தில் மண் சுமந்தார். அவர் மனைவி வேறு தினுசு. கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் படித்துப் பட்டம் வாங்கினாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வருகிறவர்களின் பெயரைப் பதிகிற வேலை. எட்டு மணி நேரம் குப்பியில் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டு வந்து, சாயங்காலம் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்தாள். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் முதல்நிலையிலேயே நின்றுபோனாள். மூன்றாவது தடவை இரண்டே கேள்வியில் போயிற்று. நாலாவதுதான் கடைசி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், விண்ணப்பமே வாங்க மாட்டார்கள்.

அவளைக் கவிழ்த்தது நவீன இந்திய வரலாறு. சட்டம், ஒப்பந்தம், தூதுக்குழு எல்லாம் தெரியும். எது முன்னால் எது பின்னால் என்று கேட்டால் கலங்கிவிடும். கேள்வித்தாளோ அதைத்தான் கேட்கும். நாலு சம்பவத்தைக் கொடுத்து வரிசைப்படுத்து என்று சொல்லும்.

கேள்வி கேட்டுப் படிக்க வைக்கும் பொறுப்பு ரசமட்டத்துடையது. புத்தகத்தைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டுவார்.

“மிண்டோ, மார்லி… மாண்டேகு, செம்ஸ்போர்டு. என்னம்மா இது, எல்லாம் டைல்ஸ் கம்பெனி பேரு மாதிரியே இருக்கு.”

“சிரிக்க வைக்காதீங்க. கேள்விய மட்டும் கேளுங்க.”

“ஆகஸ்ட் நன்கொடை, கிரிப்ஸ் தூதுக்குழு, தனிநபர் சத்தியாக்கிரகம், காபினட் தூதுக்குழு. எது முதல்ல?”

“கிரிப்ஸ்… இல்ல இருங்க. நன்கொடை. அதுக்கு முன்னாடி காபினட்டா?”

“என்னைக் கேட்டா? கேபினட்னா நான் கிச்சனுக்கு அடிக்கறதுன்னு நினைச்சேன்.”

அவள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வாள். அன்றைய படிப்பு அத்தோடு சரி.

ஒருநாள் ரசமட்டம் தன் அளவு நாடாவைக் காணாமல் வீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “ஜன்னல் பக்கத்துலேர்ந்து மூணாவது டைல்ஸ், ஓரத்துல கீறல் இருக்குமே, அதுமேல வெச்சீங்க” என்றாள். அங்கேயே இருந்தது. நாடாவை எடுத்த ரசமட்டம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் இடம்தான் ஞாபகம் நிற்கும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் போட்ட தரையில் எந்தக் கல் மூளி என்று இப்போதும் சொல்வார். வீட்டுக்காரரின் முகம் மட்டும் மறந்துபோயிருக்கும்.

“ஏம்மா, உனக்கு வருஷம்தான நிக்கல. இடம் நிக்குதுல்ல?”

“நிக்குது. அதுக்கென்ன?”

“வருஷத்த இடத்துல போட்டுட்டா?”

வீட்டுக் கூடம் ஏழடிக்குப் பதின்மூன்றடி. ஓரடிக் கற்கள். வரிசைக்கு ஏழாகப் பதின்மூன்று வரிசை, தொண்ணூற்று ஒன்று. அவள் விரல் விட்டு எண்ணினாள். 1857 முதல் 1947 வரை, இரண்டு முனையையும் சேர்த்தால் தொண்ணூற்று ஒரு வருடம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரசமட்டம் ஏதோ தானே முன்கூட்டி யோசித்துக் கூடத்தைக் கட்டினவர் மாதிரி தலையை ஆட்டினார்.

நாற்காலி, கட்டில், துணி காயவைக்கும் கொடி எல்லாம் வெளியே போயின. மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு கல்லிலும் வருடம் எழுதி, மேலே ஒளி ஊடுருவும் டேப்பை ஒட்டினார்கள். வாசற்படியில் 1857, இடது மூலையிலிருந்து ஆரம்பம். தண்ணீர் கேன் போடுகிறவர் அன்று முதல் சிப்பாய்க் கிளர்ச்சியின்மேல் செருப்பைக் கழற்றினார். கடைசிக் கல் சமையலறை வாசலில் வந்து முடிந்தது.

அதைப் பார்த்து அவள் இடுப்பில் கை வைத்தாள். “நாடு பூரா போராடி வாங்கின சுதந்திரம், நேரா அடுப்படிக்கா கொண்டுவந்து விடுது?”

“நான் கட்டினது இல்லம்மா, வரலாறு அப்படி.”

வேலைக்குப் போகுமுன் அரைமணி, வந்தபின் ஒருமணி, வெறுங்காலோடு கூடத்தில் நடந்தாள். ஒவ்வொரு கல்லிலும் நின்று அந்த வருடத்தைச் சொன்னாள். 1922-இல் வந்ததும் டக்கென்று நின்று திரும்புவாள், ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திய வருடம். ரசமட்டத்துக்குத் தன் வீட்டிலேயே உட்கார இடம் இல்லாமல் போயிற்று. ஒரு மத்தியானம் வலது பக்கச் சுவரோரம் தட்டை வைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்.

“அங்க உக்காராதீங்க. அது பத்தொம்போது. ஜாலியன்வாலாபாக்.”

ரசமட்டம் தட்டோடு எழுந்து குறுக்கே ஒரு கல் தள்ளிப் போனார்.

“அது பதினொன்னு. டெல்லி தர்பார், முடிசூட்டு விழா. அங்க சாப்பிடுங்க, எனக்கும் ஞாபகம் நிக்கும்.”

அன்றிலிருந்து ராஜா மாதிரி 1911-இல்தான் சாப்பாடு. தினமும் முடிசூடுகிற ராஜாவுக்குப் பழைய குழம்பு ஊற்றினார்கள் என்பது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் நகரவில்லை. இடது சுவரோரம், கூடத்தின் கடைசியில் நின்ற இரும்பு பீரோ. மூன்று வரிசையில் தலா இரண்டு கல், மொத்தம் ஆறு கல்லை அது மூடியிருந்தது. 1927, 28. 1934, 35. 1941, 42. ரசமட்டம் ஆறு காகிதத் துண்டில் அந்த வருடங்களை எழுதிப் பீரோ கதவில் ஒட்டினார். “கண்ணால பாத்துக்க. மீதி எண்பத்தஞ்சும் கால்ல இருக்கே, போதாதா?” என்றார்.

போதவில்லை. தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கையில் நூலகத்தில் நடந்த மாதிரித் தேர்வை எழுதிவிட்டு வந்தவள், விடைத்தாளோடு 1885-இல் உட்கார்ந்தாள். வரலாற்றில் தப்பானது ஐந்து கேள்வி. ஐந்தும் பீரோ.

“சைமன் கமிஷன் எப்பன்னு கேட்டா எனக்குப் பீரோக் கதவுதான் தெரியுது. வெள்ளையனே வெளியேறு எப்பன்னா அதுக்கும் பீரோ. ஆறும் ஒரே கதவுல கிடக்குதுங்க. முன்னாடி பின்னாடி எப்படிச் சொல்றது? பீரோவ நகர்த்தணும்.”

“அது நகராது.”

“ஏன்?”

“கால் துருப்பிடிச்சிருக்கு. தூக்கினா ஒடிஞ்சிடும். உங்கம்மா குடுத்த பீரோ, ஒடிஞ்சா என்னைத்தான் பேசுவாங்க.”

துரு இல்லை. மாமியாருக்கு அந்தப் பீரோ ஞாபகமே இல்லை. ரசமட்டத்தின் பயம் பீரோவுக்குக் கீழே இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் சொந்த வீட்டுக்குத் தரை போடுகையில் ஆறு கல் குறைந்துவிட்டது. அடுத்தவன் வீட்டுக்கு ஒரு கல் பிசகாமல் கணக்குச் சொல்கிறவர், தன் வீட்டுக்கு அளக்கும்போது யாரிடமோ வாய் பேசிக்கொண்டிருந்தார். கடையில் அந்த மாதிரிக் கல் வருவது நின்றுபோயிருந்தது. மத்தியானம் பீரோ வண்டியில் வருகிறது. ஊரார் வீடுகளில் மிஞ்சிய துண்டுகளைச் சாக்கிலிருந்து கொட்டினார். சிமெண்டும் தீர்ந்திருந்ததால் வெறும் மணலைப் பரப்பி அதன்மேல் பொருத்தினார். மேலே பீரோவை ஏற்றினார். நாளைக்குப் பிரித்துச் சரியாகப் போட்டுவிடலாம் என்று நினைத்தார். அந்த நாளைக்கு ஒன்பது வருடமாக வரவில்லை.

இது தெரிந்த ஒரே ஆள் கலவை அக்கா. அவரிடம் பல வருடமாக மணலும் சிமெண்டும் கலக்கும் சித்தாள். வாய் திறந்ததில்லை. ரசமட்டமோ, இந்த ஒன்பது வருடத்தில் கல்லுக்கு அடியில் கூடு விட்டதற்காக இரண்டு ஆட்களை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார். “என் வீட்டுத் தரைய வந்து பாருங்கடா” என்று சவால் விட்டிருக்கிறார். வந்தும் பார்த்திருக்கிறார்கள். பீரோவைச் சுற்றி நின்று பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பீரோவை விட்டால் வேறு என்ன வழி என்று ரசமட்டம் மண்டையைக் குடைந்தார். மொட்டை மாடியில் ஆறு கட்டம் வரைந்து கொடுத்தார். அவள் இரண்டு நாள் ஏறி இறங்கிவிட்டு, “அங்க நின்னா தண்ணித்தொட்டிதான் ஞாபகம் வருது” என்றாள். காகிதத்தில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். எழுத்து பெரிதானது, குழப்பமும் கூடவே பெரிதானது. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவள் முகத்தில் மூன்றாவது தடவை ரிசல்ட் வந்த அன்றைக்கு இருந்த சோர்வு வந்து உட்கார்ந்துவிட்டது. இரவு பகல் நடந்தாலும் பீரோ முன்னால் வந்ததும் கால் தயங்கியது. “பரவால்ல விடுங்க. ரெண்டு கேள்விதான போகும்” என்றாள். போன தடவை போனதும் அந்த இரண்டு கேள்விதான்.

மறுநாள் ரசமட்டம் ஒரு முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்வது என்று நினைத்தால் தப்பு. அவ்வளவு நல்லவர் இல்லை. அவள் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருக்கும் நேரத்தில், தனியாளாகப் பீரோவை நகர்த்தி, ஒட்டுகளைப் பிரித்து, புதுக் கல் ஆறைப் போட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்துவிடுவது. நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும். வெளிச்சம் படாததால் அப்படி என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேலைக்கு அரைநாள் விடுப்பு. கார் ஜாக்கி ஒன்றை இரவல் வாங்கிவந்து பீரோவின் காலுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினார். உள்ளே துணி, பாத்திரம், பழைய புத்தகம் எல்லாம் அப்படியே இருந்தன, காலி பண்ணத் தோன்றவில்லை. பீரோ மூன்று விரல் அளவு நகர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. ரசமட்டம் தோள் கொடுத்துத் தாங்கினார். பீரோ நின்றுவிட்டது. இடுப்பில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. மெள்ள மெள்ளச் சரிந்து தரையில் மல்லாக்கப் படுத்தார். எழுந்திருக்க முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்ததில், விட்டம்கூட லேசாகக் கோணல் என்று கண்டுபிடித்தார்.

கதவு திறந்தது. அவள் அன்றைக்கென்று சீக்கிரம் வந்தாள். சாய்ந்த பீரோவைப் பார்த்தாள், ஜாக்கியைப் பார்த்தாள், கீழே பார்த்தாள்.

“என்னங்க, உப்பு சத்தியாக்கிரகத்துல படுத்துக் கிடக்கீங்க?”

தலைக்குக் கீழே 1930 இருந்தது. ரசமட்டம் கண்ணை மூடிக்கொண்டார். படுத்திருக்கிற ஆளுக்குப் பொய் சொல்லத் தெம்பு வராது போலிருக்கிறது. ஆறு கல்லையும், மணலையும், ஒன்பது வருடத்தையும் சொல்லிவிட்டார். சொல்லி முடிக்கும்வரை அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

பிறகு போனை எடுத்துக் கலவை அக்காவைக் கூப்பிட்டாள். “அக்கா, கொஞ்சம் வர முடியுமா? பீரோ நகர்த்தணும்.”

“மேஸ்திரி இருக்காரா?”

“இருக்காரு. படுத்திருக்காரு.”

“சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டாரு.”

“அப்ப வர்றேன்” என்றார் அக்கா.

இரண்டு பெண்களும் சாமான்களை வெளியே எடுத்தார்கள். பீரோவின் காலுக்கு அடியில் ஈரச் சாக்கைக் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பத்து நிமிடத்தில் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரசமட்டத்தையும் சாக்கில் போட்டு இழுத்திருக்கலாம், கேட்கவில்லை. இனி படுக்கையறைக்குள் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும்.

பீரோ நின்ற இடம் வெளிச்சத்துக்கு வந்தது. ரசமட்டம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“தங்கச்சி, அன்னிக்கே சொன்னேன்” என்று ஆரம்பித்தார் அக்கா. “மணல் மேல நிக்காது மேஸ்திரின்னு. பீரோ நிக்கும்னு சொன்னாரு. பீரோ என்னமோ நின்னுச்சு, பாவம்.”

அவள் முழங்காலில் உட்கார்ந்து ஒரு கல்லை விரல் முட்டியால் தட்டினாள்.

“எங்க பெரியப்பா முன்னாடி தட்டினீங்களே. இது என்ன சத்தம்?”

“கூடு” என்றார் ரசமட்டம் சுவரிடம்.

“இது?”

“அதுவும் கூடுதான்.”

“இந்த இடத்துல கல்லே இல்லையே.”

“அஞ்சுதான் தேறிச்சு. ஆறாவது இடத்துல மணல்தான்.”

அவள் எழுந்தாள். இனி என்னென்ன விழப்போகிறதோ என்று ரசமட்டம் காத்திருந்தார். இடுப்பு வலியைக்கூட மறந்துபோனார். ஒன்றும் விழவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கல்லின்மேல் நின்றிருந்தாள். எங்கோ ஒரு குளியலறையில் மிஞ்சிய கல், பொட்டுப் புள்ளிகூட இல்லாத வெள்ளை.

“இருபத்தேழு” என்றாள் மெதுவாக. “சைமன் கமிஷன் போட்டாங்க. ஒரு இந்தியர்கூடக் கிடையாது. முழுக்க வெள்ளை.”

அடுத்த கல்லுக்கு மாறினாள். அது கடை வாசலுக்குப் போட்டு மீந்த கறுப்பு. “இருபத்தெட்டு. வந்து இறங்கினாங்க. கறுப்புக்கொடி.”

கலவை அக்கா வாயில் கை வைத்தார். ரசமட்டம் கையை ஊன்றித் தலையை மட்டும் தூக்கினார்.

முப்பத்துநாலைச் சொல்லித் தாண்டினாள். அடுத்த கல் வெறும் உடைசல். சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்துச் சதுரமாக்கியிருந்தார். அவள் குனிந்து எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். “பதினொன்னு இருக்கு. முப்பத்தஞ்சு சட்டத்துல மாகாணம் பதினொன்னு!” கல்லே இல்லாத மணல்குழியில் குதிகாலைப் பதித்து நின்றாள். “நாப்பத்தொன்னு. வீட்டுக் காவல்ல வெச்சிருந்த தலைவர் தப்பிச்சுப் போயிட்டாரு. இடம் காலி.” கடைசிக் கல்லில் கால் வைத்ததும் அது ‘டொக்’ என்று ஒரு முனையில் எழும்பிக் கீழே விழுந்தது. அதில் நிற்கவே முடியவில்லை. “வெளியேறுங்குது” என்று அவள் சிரித்தாள்.

ரசமட்டத்துக்கு உயிர் வந்தது. “ரெண்டே நாள் குடு. பிரிச்சுப் போட்டுப் பளிங்கு மாதிரி ஆக்கிடறேன்.”

“கைய வெச்சீங்கன்னா பாருங்க.”

“அசிங்கமா இருக்கும்மா.”

“இருக்கட்டும். பரீட்சை முடியற வரைக்கும் ஒரு சில்லு நகரக்கூடாது. பொய் சொன்னதுக்கு அப்புறம் கணக்கு வெச்சுக்கறேன்.”

தேர்வு அன்று ரசமட்டம் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு மையத்தின் வாசலில் நின்றார். மதிலில் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. வெளியே வந்தவளிடம் எப்படி என்று கேட்டார். “மேஜைக்குக் கீழ செருப்பக் கழட்டிட்டு, வீட்டுக் கூடத்துல ஒரு நடை நடந்துட்டு வந்தேன்” என்றாள். ரிசல்ட் வந்தபோது அவள் எண் இருந்தது. ரசமட்டம் அந்த எண்ணை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். நன்றாகத் தெரிந்த எண்தான், கண்தான் சரியாக இல்லை.

அன்று சாயங்காலமே கரணையையும் ரப்பர் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கூடத்தில் குந்தினார்.

“என்ன பண்றீங்க?”

“பரீட்சை முடிஞ்சிடுச்சுல்ல?”

“முதல்நிலை முடிஞ்சுது. முதன்மைத் தேர்வு இருக்கு. அதுக்கப்புறம் நேர்முகம். எல்லாத்துலயும் வரலாறு உண்டு. எழுந்திருங்க.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறமும் விட்டு வைக்கலாம்னு இருக்கேன். நீங்க சொன்ன பொய்க்கு” என்றாள்.

அப்படித்தான் ஆயிற்று. புது வீடு கட்டுகிற ஒரு பல் டாக்டர், வேலை எப்படி என்று பார்க்க ரசமட்டத்தின் வீட்டுக்கே வந்தார். அவர் தரையை அங்கே போய்ப் பாருங்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்பது வருடமாக ரசமட்டமே பரப்பி வைத்த புகழ் அது. டாக்டர் 1857-இல் செருப்பைக் கழற்றி, நூல் பிடித்த மாதிரிப் போன கற்களை மெச்சிக்கொண்டே கூடத்தின் கடைசிக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

“மேஸ்திரி, இது என்ன? இந்த இடம் மட்டும் இப்படி உடைஞ்சு கிடக்கு?”

பாய் ஒன்றை இழுத்து மூடிவிடலாமா என்று ரசமட்டம் சுற்றுமுற்றும் பார்த்தார். படுக்கையறையில் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

“அது உடைசல் இல்லங்க. அது முப்பத்தஞ்சு.”

“என்னது?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சு. மாகாணங்களுக்கு சுயாட்சி குடுத்தாங்க. எண்ணிப் பாருங்க, பன்னெண்டு துண்டு இருக்கும்.”

“பதினொன்னு” என்றது உள்ளேயிருந்து குரல்.

“பதினொன்னு” என்றார் ரசமட்டம்.

டாக்டர் அவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். “எங்க வீட்டுல இதெல்லாம் வேண்டாங்க. எனக்கு வெறும் தரை போதும்” என்று சொல்லிக்கொண்டே ஓரடி பின்னால் நகர்ந்தார். குதிகால் அந்தக் கடைசிக் கல்லில் பட்டது.

டொக்.

“நாப்பத்திரெண்டு, ஆகஸ்ட்” என்றாள் அவள் உள்ளேயிருந்து, பக்கத்தைப் புரட்டியபடி.